பிள்ளைகள் கல் வைத்த நிலம்

இப்போதெல்லாம் எந்த அதிகாரியும் முடியாது என்று நேராகச் சொல்வதில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான். சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்கிறான். ஜீப்பில் ஏறிப் போய்விடுகிறான். முன்பு வந்த பாரஸ்ட்காரன் வாயைத் திறந்தாலே திட்டுதான். அவனை நம்பி ஏமாந்ததில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் சித்திரையில் செங்கத்திலிருந்து நீலாவதி என்று ஓர் அதிகாரி அம்மாள் வந்தார். கூடவே ஒரு இஞ்சினியர். எங்கள் மலை ஊருக்குப் பள்ளிக்கூடம் வருகிறதாம். அது எப்படி இருக்க வேண்டும் என்று படிக்கப்போகிற பிள்ளைகளே சொல்லலாமாம். கட்டுவதற்குப் பார்த்த என் நிலத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார். காகிதத்தில் வரைய யாருக்குத் தெரியும்? பிள்ளைகள் எழுந்துபோய்க் கல் பொறுக்கிவந்து, நிஜ அளவிலேயே மண்ணில் அடுக்கிவிட்டார்கள். வாசல், சுவர், அடுப்பு மூலை எல்லாம்.

என் பேத்தி அம்சவல்லிக்கு அப்போது ஒன்பது வயது. மகளும் மருமகனும் அமிர்திப் பக்கம் வேலைக்குப் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார்கள். நான் மாட்டோடு காட்டுக்குப் போய்விடுவேன். ஒன்றரை வயதுத் தங்கச்சி பச்சையம்மா அவள் இடுப்பில்தான். அம்சவல்லி வகுப்பறையை ஒட்டி ஒரு சின்னச் சதுரம் வைத்தாள்.

“இது என்ன பாப்பா?” என்றார் அந்த அம்மாள்.

“தங்கச்சிங்க தூங்கற ரூமு. நடுவுல கதவு வேணாம். அழுதா எனக்குக் கேக்கணும்.”

இஞ்சினியர் சிரித்தார். அந்த அம்மாள் அவரை முறைத்துவிட்டு எழுதிக்கொண்டார். நிச்சயம் வரும் என்றார். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதற்குள் நோட்டை மூடிவிட்டார்.

ஆடியில் மழை விழுந்தது. ஏர் பூட்டினேன். எங்கள் மலையில் அளந்து கல் வைத்தால் வைத்ததுதான். பங்காளிகள் வெட்டிக்கொண்டாலும் கல்லை நகர்த்த மாட்டார்கள். பக்கத்து நிலத்துச் சடையன் ஓடிவந்து என் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

“பசங்க வெளாட்டா வெச்ச கல்லுடா அது” என்றேன்.

“வெளாட்டா? கவுருமெண்டு கேட்டு வெச்சது. நீ ஓட்டிப்புட்டா பள்ளிக்கூடம் ஆலங்காயத்துக்குப் பூடும். அப்பறம் உன் பேத்திய நீயே தோள்ல தூக்கினு போ.”

நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்சவல்லி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரை அவிழ்த்தேன். அந்த வருஷம் அங்கே சாமை விதைக்கவில்லை. மாசியில் குதிர் காலி. அவள் மட்டும் சாயங்காலமானால் போய், கல் இடுக்கில் முளைத்த புல்லைப் பிடுங்கிவிட்டு வருவாள்.

பள்ளிக்கூடம் கட்டினார்கள். என் நிலத்துக்கு லாரி ஏறாதென்று ரோட்டோரத்தில் கட்டினார்கள். நீளமாக ஓர் அறை, சிமெண்டுத் தரை, கம்பி ஜன்னல். கீழே எல்லா ஊரிலும் நிற்கிற அதே கட்டிடம். திறப்பு நாளில் வாத்தியார் அம்சவல்லியை வாசலிலேயே நிறுத்தினார்.

“கொழந்தைய வுட்டுட்டு வா.”

“எங்க சார் வுடறது?”

வாத்தியார் அடுத்த பிள்ளையின் பெயரைக் கேட்கத் தொடங்கினார்.

திறப்புக்கு வந்திருந்த நீலாவதி அம்மாளிடம் போனேன். “இவ வெச்ச சதுரம் எங்கம்மா?”

“நான் எழுதி அனுப்பினேன் பெரியவரே. பிளான் மேலேர்ந்து வந்துடுச்சு.” முகம் வாடித்தான் இருந்தது. உடனே தேறிக்கொண்டார். “அடுத்த வருஷம் ஒரு ரூம் சேர்த்துக் கட்டலாம். அதையும் பிள்ளைங்களையே கேப்போம்.” வரையச் சொல்லி அங்கேயே சாக்பீஸ் டப்பாவைத் திறந்துவிட்டார்.

“போன வாட்டி நீங்க கேட்டதுக்கே எங்களுக்குக் கூழு பத்தல.”

அம்சவல்லி குழந்தையை இறக்கிவிட்டு ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டாள்.

“வா, வூட்டுக்குப் போலாம்” என்றேன்.

“இரு தாத்தா. இந்த வாட்டி ஜன்னலும் வெக்கறேன்.”

நான் நிற்கவில்லை. மேடு ஏறும்போது ஒரு தடவை திரும்பினேன். வாசலுக்கு வெளியே சிமெண்டில் மண்டிபோட்டு, பச்சையம்மாவைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு சுவர் முடிவதற்குள் குழந்தை எழுந்து ஓடியது. பிடித்துக்கொண்டுவந்து உட்காரவைத்தாள். மறுபடியும் ஓடியது. நான் மேலே நடந்தேன்.