வெள்ளைத் தங்கச் செயின்

மகள் ஸ்வாதியின் கல்யாணத்தில் நான் மேடை ஏற வேண்டுமானால், கழுத்தில் கிடக்கும் மஞ்சள் செயினை மாற்றியாக வேண்டும் என்று என் கொழுந்தன் சுந்தரபாண்டியன் முடிவு செய்திருந்தான். போலீஸ்காரன். முடிவு செய்துவிட்டுத்தான் பேசுவான். தென்காசி நகைக்கடைக்குக் கூட்டிப் போனான்.

"வொயிட் கோல்டு மதினி. பாக்க வெள்ளி மாதிரி இருக்கும், ஆனா தங்கம். சம்பந்தி வீட்ல வாய் திறக்க மாட்டாங்க."

விற்பனைப் பெண் ராபியா வெள்ளைச் செயின் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, என் செயினை வாங்கித் தராசில் வைத்தாள். பருத்தி நன்றாக வெடித்த வருஷம் என் வீட்டுக்காரர் வேல்ராஜ் வாங்கித் தந்தது. அவர் போனதும் தாலியை வாங்கிக்கொண்டார்கள். செயினை நான் விடவில்லை.

"இதத்தான் வெள்ளைத் தங்கம்னு சொல்லுதாங்களா?"

"ஆமாக்கா."

அந்தப் பேரை நான் முதலில் கேட்டது என் வீட்டுக்காரர் வாயிலிருந்துதான். குற்றால சீசனில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் எங்கள் ஊர் திருவேங்கடம் பக்கத்து விவசாயிகளை அழைத்துப் போய், அருவியில் குளிக்க வைத்து, பிரியாணி போட்டு, பருத்திதான் வெள்ளைத் தங்கம் என்று பேசியனுப்பினான். தலைக்குத் தொப்பி கொடுத்தான். மூக்கைக் கட்டிக்கொள்ள ஒன்றும் கொடுக்கவில்லை. தை மாதம் காற்று எதிரே திரும்பிய பிறகும் இவர் மருந்தடித்து முடித்தார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. துக்கம் கேட்க வந்த கம்பெனிக்காரன், "கவனமா அடிக்கணும்லா" என்றான். அவனை அன்றைக்கே செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

"நிறம் போகுமாம்மா?"

"மேல்பூச்சு தேஞ்சா லேசா மஞ்சளாத் தெரியும்க்கா. திரும்பப் பூசித் தருவோம்."

கொழுந்தன் பக்கம் திரும்பினேன்.

"ஒங்க அண்ணன் செத்ததுக்கு வெக்கப்பட வேண்டியவன் ஊர் ஊராத் தொப்பி குடுத்துக்கிட்டு அலையுதான். நான் என்னத்துக்குத் தம்பி பூசிக்கிட்டு நிக்கணும்?"

"மெதுவாப் பேசுங்க மதினி. எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். அவரு மருந்தடிக்கையில ஒருத்தரும் பாக்கலயே."

"புருசன் போனவ மஞ்சச் செயினோட மேடை ஏறக் கூடாதுன்னு மாப்பிள்ளையோட அம்மா கண்டிசனாச் சொல்லிட்டாங்க. ஸ்வாதி வாழ்க்கையக் கெடுத்துராதீங்க."

அந்தப் பேச்சில்தான் நான் தயங்கினேன். அவளுக்குப் பிடித்த பையன். ஆனால் தாயின் கழுத்தைப் பார்த்து முறியும் சம்பந்தம் நாளைக்கு அவள் கழுத்தையும் பார்க்கும்.

செயினைத் திருப்பி வாங்கினேன். பின்கழுத்தில் கொக்கி சரியாக விழவில்லை. ராபியா கவுண்டரைச் சுற்றி வந்து மாட்டிவிட்டாள்.

சுந்தரபாண்டியன் சம்பந்தியம்மாவின் நம்பரைப் போனில் தேடிக்கொண்டிருந்தான்.

"இங்கன குடுங்க," என்றேன். "நானே பேசுதேன்."