சாப்பிட அழைத்த கையேடு

பிலிப்பைன்ஸின் செபு நகரில், ஓர் அறையில் ரூப்பெர்ட்டோ தனியாக உட்கார்ந்து கையேடு எழுதிக்கொண்டிருந்தார். சர்வர்களின் லாக் என்னும் பதிவேட்டைப் படித்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் கருவிக்கான கையேடு அது. மனிதர் யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. அந்தக் கருவியை இயக்கும் ஏஐ ஏஜென்ட்டுகள்தான் படிக்க வேண்டும். அவையாவது படிக்கின்றனவா என்று அவருக்குத் தெரியாது. எழுதியதைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு மதியம் ஓலையில் கட்டிய சோற்றையும் கருவாட்டையும் பிரித்தார். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடாமல் அந்த ஊரில் யாரும் சாப்பிட மாட்டார்கள். பக்கத்தில் கையேடுதான் இருந்தது. 'சாப்பிட வாங்க' என்று அதிலேயே தட்டிவிட்டுச் சாப்பிட்டார். அழிக்க மறந்துபோனார்.

மறுநாள் மேலாளர் மாரிவிக் போனில் கத்தினார். அண்ணனை அங்கே 'கூயா' என்பார்கள்.

"கூயா, ஊரையே விருந்துக்குக் கூப்பிட்டீங்களா? அத்தனை ஏஜென்ட்டும் 'வயிறு நிறைஞ்சிருக்கு, நீங்க சாப்பிடுங்க'ன்னு லாக்குல எழுதி வச்சிருக்கு. சர்வர் மூச்சு முட்டி நின்னுபோச்சு!"

"எல்லாமேவா மேடம்?"

"ஒண்ணு பாக்கியில்ல. அதுல ஒண்ணு, தொட்டுக்க என்னன்னு கேக்குது. அந்த வரியத் தூக்குங்க. இல்லேன்னா உங்களத் தூக்கிருவாங்க."

ரூப்பெர்ட்டோ கையேட்டைத் திறந்து அந்த வரிக்குப் போனார். தூக்க மனம் வரவில்லை. பக்கத்தில் ஒன்றைச் சேர்த்தார்: 'பதில் சொல்ல வேண்டாம்.'

அதற்குப் பிறகு ஒரு பதிலும் வரவில்லை. ஒன்று விடாமல் எல்லாம் படித்துவிட்டன என்று அவருக்குத் தெரிந்தது.