முப்பத்தொன்றாம் விதி

மூன்றாவது தடவையும் அவளுடைய திருத்தம் போன வேகத்தில் திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'விதி 31-க்கு முரண்.'

அவள் கம்பைலர் எழுதுகிறவள். மனிதர் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள் அது. கம்பெனியின் சொந்த இயந்திரங்களில் சமர்த்தாக ஓடியது. வாடிக்கையாளரின் இயந்திரத்தில்தான் வம்பு. கோப்பு எழுதும்போது, கடிதங்களில் வரி முடிவைக் குறிக்கும் பத்து என்ற எண் வந்தால், வரி முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, அந்த இயந்திரம் கேட்காமலேயே முன்னால் ஒரு பதின்மூன்றைச் சொருகிவிடும். கடிதம் அதைத் தாங்கும். இயந்திர மொழி தாங்காது, குப்புற விழுந்துவிடும். கோப்பைத் திறக்கும் இடத்தில் 'பைனரி' என்று ஒரு சின்னக் குறி போட்டால் அது வாலைச் சுருட்டிக்கொள்ளும். திருத்தமே அவ்வளவுதான்.

'நம் இயந்திரத்தில் எந்த வேலையும் செய்யாத குறிகளை எழுதலாகாது' என்பது விதி 31. இயற்றியவர் தரக்குழுத் தலைவர். 'எங்கும் ஓடும் நிரலுக்கான நெறிமுறைகள்' என்று நூற்று நாற்பத்திரண்டு பக்கம் எழுதி, முதல் பக்கத்தில் தன் புகைப்படத்தையும் போட்டுக்கொண்டவர். ஆபீஸில் அவருக்கு 'ஷரத்து' என்று பெயர். அவளுக்கு நாத்தனார் புருஷன் வேறு. ஆபீஸில் சார், வீட்டில் அண்ணா.

மறுநாள் காலை வாடிக்கையாளரின் பொறியாளர் தன் இயந்திரத்தோடு வருகிறார். ஏற்கெனவே இரண்டு தடவை மானம் போயாயிற்று. இந்த முறையும் சொதப்பினால் அவளைத் தரக்குழுவுக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். வேலையை விட்டே தூக்குவதாகச் சொல்லியிருந்தால்கூட அவள் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள்.

நேராக அவர் அறைக்கே போனாள்.

"சார், அந்தக் குறி நம்ம மெஷின்ல ஒண்ணுமே பண்ணாது. அவங்க மெஷின்ல அது இல்லாம ஓடாது."

"நாம எழுதறது எங்கயும் ஓடற கோடு. ஒரு மெஷினுக்காக ஒரு குறி போட்டா அப்புறம் அது எப்படி எங்கயும் ஓடற கோடு ஆகும்?"

"இப்ப ஓடலையே சார்!"

"அது அந்த மெஷினோட ஒழுக்கக்கேடு. விதிவிலக்கு வேணும்னா விண்ணப்பம் குடுங்க. பதினஞ்சு நாள்ல குழு கூடும்."

"குழுவுல யார் யாரு?"

"நான்தான்."

"மத்தவங்க?"

"ராஜினாமா பண்ணிட்டாங்க."

சாயங்காலம் புருஷனிடம் பொரிந்து தள்ளினாள். "உங்கக்கா இந்த மனுஷனோட எப்படித்தான் குப்பை கொட்டறாங்களோ!"

"ஃப்ரிட்ஜ்ல பன்னண்டு விதி ஒட்டியிருக்காரு. அக்கா அதுமேல பிளம்பர் நம்பர் எழுதி வெச்சிருக்கா," என்றான் அவன்.

காலையில் பொறியாளர் வந்தார். எல்லார் முன்னாலும், அவருடைய இயந்திரத்தில் கம்பைலரை ஓட்டிக்காட்ட வேண்டும். விதி 1-ன்படி, கம்பைலரைத் தொடுமுன் சோதனை நிரல் ஓடி எல்லாக் கோப்புகளுக்கும் நற்சான்று தரவேண்டும். அந்தச் சோதனை நிரலை எழுதியவரும் ஷரத்துதான். விளக்கேற்றும் பாவனையில் அவரே விசையைத் தட்டினார்.

'வரி 1: கடைசியில் கண்ணுக்குத் தெரியாத குறி. வரி 2: கடைசியில் கண்ணுக்குத் தெரியாத குறி.' திரை நிற்காமல் ஓடியது. முடிவில் தொண்ணூற்றோராயிரம் விதிமீறல்கள்.

"எங்க மெஷின்ல ஒவ்வொரு வரி முடிவுலயும் அந்தப் பதிமூணு இருக்கும்," என்றார் பொறியாளர். "சாதாரணமாத் திறந்தா மெஷினே அதை மறைச்சிடுமே?"

அவள் சோதனை நிரலைத் திறந்து பார்த்தாள். கோப்பைத் திறக்கும் இடத்தில் 'பைனரி' என்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வேண்டாத இடத்தில், விதி 31-க்கு மேல் கால் போட்டுக்கொண்டு. அவர் நிரலைச் சரிபார்க்க அவரைத் தவிர ஆளில்லை.

"எங்கிருந்தோ எடுத்துப் போட்டது..." ஷரத்துவின் குரல் இறங்கியது. "நீயே எடுத்துடும்மா."

"விண்ணப்பம் குடுங்க சார். பதினஞ்சு நாள்."

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மேலாளர் ஷரத்துவைப் பார்த்தார்.

"அப்ப... உன்னோட திருத்தத்தையும் சேர்த்துப் போட்டுடு."

"குழு கூடணுமே, அண்ணா?"

ஆபீஸில் முதல் முறையாக அண்ணா. அவர் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"கூடியாச்சு. ஏகமனதா நிறைவேறியாச்சு."

குறியை அங்கே எடுத்தாள், இங்கே போட்டாள். சோதனை நிரல் வாய்மூடியது. கம்பைலர் முதல் முறையாக அந்த இயந்திரத்தில் ஒழுங்காக வேலை செய்தது. பொறியாளர் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

மாலையில் எல்லாருக்கும் ஷரத்துவின் மின்னஞ்சல் வந்தது. விதி 31 திருத்தப்பட்டு, நெறிமுறைகள் நூற்று நாற்பத்துமூன்று பக்கமாகியிருந்தன. அடியில் ஒரு வரி: 'இந்நுட்பத்தைச் சுட்டிக்காட்டியவர் தரக்குழு உறுப்பினராக நியமிக்கப்படுகிறார்.'

அவள் அந்த நிமிடமே ராஜினாமா எழுத உட்கார்ந்தாள். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. பரிசீலிக்கப் பதினைந்து நாள்.