அடக்கமான வீடு

வீட்டுத் தரகு அலுவலகத்தில் விளம்பரம் எழுதுகிறவருக்கு மெருகு என்று பெயர் விழுந்து பல வருடமாகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்தது. ஜன்னல் கதவு பெயர்ந்து போன வீட்டுக்கு 'நல்ல காற்றோட்டம்' என்று எழுதுவார். தண்டவாளத்தை ஒட்டிய வீடு அவர் கையில் 'ரயிலுக்குக் கூப்பிடு தூரம்' ஆகிவிடும். கால் நீட்டினால் சுவரில் இடிக்கும் அறைக்கு அவர் கண்டுபிடித்த சொல்தான் 'அடக்கமான'. அந்த ஒரு சொல்லை வைத்தே முதலாளி மாடி எடுத்துக் கட்டினார். மெருகுக்கு முதுகில் ஒரு தட்டு கிடைத்தது.

அப்பேர்ப்பட்டவரின் மேஜைக்கு ஒரு திங்கட்கிழமை விளம்பரத்துக்கு வந்த தாளில், அவர் குடியிருக்கும் வீட்டின் முகவரியே இருந்தது.

வீட்டுக்கார அம்மா ஒளிவு மறைவு இல்லாதவர். ஊரெல்லாம் வாடகை ஏறிவிட்டது, தான் மட்டும் ஏமாளியாக இருக்க முடியாது என்று அன்று மாலையே வந்து சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் யாராவது கூடுதலாகத் தருவதாக வந்தால் காலி செய்ய வேண்டும். ஒருவரும் வராவிட்டால் பழைய வாடகைக்கே இருந்துகொள்ளலாம்.

மனைவி முன்னறை ஜன்னலோரம் இருந்த தையல் மெஷினைத்தான் பார்த்தாள். பதினோரு வருடமாக அந்தத் தெருவுக்கே அவள்தான் தைக்கிறாள். யாருக்கு எந்தத் தோள் இறக்கம் என்பது வரை அத்துப்படி. வேறு தெருவுக்குப் போனால் அவள் யாரோ ஒருத்தி.

"நீங்க எழுதறதுதானே," என்றாள் கடைசியில். "ஒருத்தரும் வராத மாதிரி எழுதுங்களேன்."

பொய் சொல்லியே ஆள் வரவழைத்தவருக்கு, உண்மையைச் சொன்னால் தலைதெறிக்க ஓடுவார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. மறுநாள் உள்ளதை உள்ளபடி எழுதினார். மழை வந்தால் சமையலறை மூன்று இடத்தில் ஒழுகும். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் இருமல் வரும். மாடிக்காரர் நடப்பது கேட்கும், உட்காருவதும் கேட்கும். எழுத எழுதக் குஷி பிறந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். துணிந்து வருகிறவனையும் மிரட்டி வைக்கலாமே என்று இன்னொரு வரி சேர்த்தார்: 'பதினோரு வருடமாகக் குடியிருப்பவர் லேசில் காலி செய்ய மாட்டார்.' முதலாளி வழக்கம்போல் வாசிக்காமலே பத்திரிகைக்கு அனுப்பிவைத்தார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். மெருகு வாயைத் திறக்கவே இல்லை, எழுதியே கெட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வரிசை நின்றது. வந்தவர்கள் அத்தனை பேரும் வருடக்கணக்காக மெருகின் விளம்பரங்களை நம்பி அலைந்து நொந்தவர்கள். ஒழுகும் மூன்று இடங்களையும் அண்ணாந்து எண்ணிச் சரிபார்த்தார்கள். குழாயைத் திறந்து, அது சொன்னபடியே இருமியதும் பூரித்துப் போனார்கள். அவர்களில் ஒரு பல் டாக்டர் மெருகை ஓரமாக அழைத்துப் போய் விளக்கினார்.

"இவ்வளவு ஓட்டை இருந்தும் ஒரு மனுஷன் பதினோரு வருஷமா போகமாட்டேங்கிறான்னா, இந்த வீட்டுல என்னவோ இருக்கு சார்."

இருக்கத்தான் செய்தது. ஜன்னலோரம் குனிந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தது.

மாலைக்குள் வாடகை இரட்டிப்பாகி, வீடு பல் டாக்டருக்குப் போனது. முதலாளி மெருகின் முதுகில் இரண்டு தட்டு தட்டி, இனி எல்லா வீட்டுக்கும் உண்மையையே எழுதச் சொன்னார். உண்மைக்கு இவ்வளவு விலை இருப்பது தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு வருத்தம்.

மெருகின் சம்பளத்துக்குள் ஊரில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடு. அதற்கு எப்போதோ விளம்பரம் எழுதியவரும் அவரே. நேரில் பார்க்காமல் எழுதியது. கட்டிலைப் போட்டதும் கதவு பாதிதான் திறந்தது. வண்டிக்காரர் தையல் மெஷினை நெடுக்கே, குறுக்கே, சாய்த்து என்று எல்லா விதமாகவும் வைத்துப் பார்த்தார். மெஷின் உள்ளே என்றால் நீங்கள் ரெண்டு பேரும் வெளியே என்று கையை விரித்தார். அது மாடிப்படிக்கு அடியில் போனது.

மனைவி ஒரு பழைய வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து அதன் மேல் போர்த்தினாள். நாலு மூலையும் இழுத்துச் சரிசெய்தாள்.

"அடக்கம்னு எழுதினீங்களே," என்றாள். "யாரைன்னு எழுதலையே."