இரண்டு ஓலையும் ஒரு புகார்க் கடிதமும்

"குழி தோண்டறதுக்குக் கப்பல் ஏறிப் போவானா ஒருத்தன்? இங்க இன்னா, குழிக்குப் பஞ்சமா?"

"மெதுவாப் பேசுங்க. பக்கத்துல கேக்குது" என்றாள் கொர்னேலியஸின் மனைவி மரியகுழந்தை.

"கேக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஊருக்கே கேக்கப் போவுது. ஓலையை நிறுத்தச் சொல்லிச் சாமியார்கிட்ட இப்பவே போறேன்."

பக்கத்தில் கேட்கத்தான் செய்தது. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளுக்கு நடுவே இருப்பது மூங்கில் தட்டியும் அதன்மேல் பூசிய மண்ணும்தான். பக்கத்து வீட்டு மணியம்மாளின் முறச் சத்தம் அப்போதே நின்றுவிட்டது. அரிசியைவிட அவளுக்கு அவசரமான வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஐடா பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்துகிற பாவனையில் உட்கார்ந்திருந்தாள். ஒரே கணக்குக்கு மூன்று தரம் 'சரி' போட்டிருந்தாள். அவளுக்கும் கோரமண்டல் லைன் சிரிலுக்கும் நிச்சயமாகி, மாதா கோயிலில் ஞாயிறுதோறும் வாசிக்கிற கல்யாண அறிவிப்பில் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது வாசித்தால் கல்யாணம். வாசிக்காமல் நின்றால் மாப்பிள்ளையை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பெண்ணுக்கு என்ன கோளாறு என்று மாரிக்குப்பம் வரைக்கும் ஆராய்ச்சி நடக்கும். ஐடாவுக்கு அது தெரியும். அவள் அப்பா கொர்னேலியஸுக்கும் தெரியும். தெரிந்துதான் கத்தினார்.

விஷயம் இதுதான். போன வருஷம், அறுபத்து நாலில், இத்தாலியில் ஒரு மலைக் கிராமத்துக்குத் தண்ணீர்க் குழாய் போடப் பல தேசத்து வாலிபர்கள் முகாம் போட்டுச் சேருகிறார்கள், சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு என்று கோயிலுக்குத் தகவல் வந்தது. நந்திதுருக் மைன்ஸில் கொர்னேலியஸைப் போலவே டிம்பர்மேனாக, மண் சரியாமல் மரச்சட்டம் அடிக்கிறவனாக இருந்த சிரில் லீவு போட்டுவிட்டுப் போனான். சீமைக்குப் போனவன் ஏதாவது வேலை பிடித்துக்கொள்வான் என்று கொர்னேலியஸ் கணக்குப் போட்டிருந்தார். அவனோ நாலு மாதத்தில் திரும்பி வந்தான். கொண்டுவந்தது ஒரு போட்டோ. அதிலும் கையில் மம்மட்டி.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். நேற்று அந்த முகாம் தலைவர் சாமியாருக்கு எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. பெண்ணைப் பெற்றவர் பார்க்கட்டும் என்று சாமியார் அதைக் கொர்னேலியஸிடமே கொடுத்துவிட்டார். சிரில் நல்ல மனிதர், ஆனால் மந்தமானவர், மூன்று நாள் வேலையை நிறுத்திவைத்தார், கட்டில்களைக் கழற்றினார், கிளம்பச் சொல்லியும் ஒரு வாரம் கிளம்பவில்லை என்று எழுதியிருந்தது.

"சோம்பேறி. சீமைக்காரனே எழுதிட்டான்" என்றார் கொர்னேலியஸ்.

உண்மையாய் இருக்குமோ என்று ஐடாவுக்கும் உள்ளே உறுத்தியது. சிரிலோடு அவள் பேசியதே நாலைந்து தடவைதான்.

"அவரைக் கூப்ட்டுக் கேளுங்க நைனா. கடுதாசி நெசம்னா நானே சாமியார்கிட்ட வந்து நிறுத்தச் சொல்றேன்" என்றாள்.

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு வளையல் கிணுங்கியது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து சிரில் வந்தான். கடிதத்தை வாசித்தான். "எல்லாம் நெசந்தான் மாமா" என்றான்.

கொர்னேலியஸ் ஜெயித்துவிட்ட முகத்தோடு பீடியை எடுத்தார்.

"எதுக்கு நிறுத்தினே?"

"பனியில உறையாம இருக்க ஆழமாப் பொதைக்கணுமாம். ஒன்றரை ஆள் ஒசரம் தோண்டியாச்சு. பக்கத்து மண்ணுல தண்ணி கசியுது. அடியில பசங்க உக்காந்து ரொட்டி துன்றாங்க. எல்லாம் காலேஜ் படிக்கிறதுங்க. ஊரும் பாத்தமாதிரி, உதவியும் செஞ்சமாதிரின்னு வந்ததுங்க. மண்ணு சரிஞ்சா இன்னா ஆவும்னு ஒண்ணுக்கும் தெரியாது. மேல ஏறுங்க, சட்டம் போடாம எவனும் எறங்கக்கூடாதுன்னேன்."

பீடி பற்றவில்லை. "இன்னா மண்ணு?"

"சரளை. மேல களி."

"பலகை ஏது?"

"கேட்டேன், குடுக்கலை. கட்டிலைக் கழட்டினேன். இருபது பேரும் தரையில படுத்தோம்."

கொர்னேலியஸ் தீப்பெட்டியைத் தரையில் கொட்டினார். குச்சிகளை இரண்டு வரிசையாக அடுக்கிக் குறுக்கே ஒன்று வைத்தார். "குறுக்குக் கட்டை எத்தனை அடிக்கு ஒண்ணு?"

"அஞ்சு."

"அஞ்சா? நாலுதானே வெக்கணும்?"

"பலகை பத்தலை மாமா."

"இன்னும் ரெண்டு கட்டில் கழட்டறதுதானே?"

மரியகுழந்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சரிஞ்சுதா?"

"இல்லே. கடைசி வரைக்கும் ஒரு கல்லு உதிரலை. அதான் அவருக்குக் கோவம். மூணு நாள் வீணுன்னாரு."

"சட்டம் போட்ட எடத்துல எப்டி சரியும்?" இப்போது அவர் கத்தியது முகாம் தலைவரைப் பார்த்து, அவரோ இத்தாலியில் இருந்தார். "இருவத்திரண்டு வருசமா நான் போட்ட எடத்துல ஒண்ணும் ஆவலை. அப்ப நான் இன்னா, சும்மாவா சம்பளம் வாங்கறேன்?"

"அந்த ஒரு வாரம்?" என்று ஐடா கேட்டாள். குச்சிகளுக்கு நடுவே அது அவர்களுக்கு மறந்தே போயிருந்தது.

"நாங்க போனப்புறம் கொழாய் ஒழுகினா யாரு பாக்கறது? ஊர்க்காரங்க ரெண்டு பேருக்கு ஜாயிண்ட் போடக் காட்டிக் குடுத்துட்டு வந்தேன்."

ஐடா நோட்டுக்கட்டை மூடி வைத்தாள். "காபி போடறேன், உக்காருங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. அதற்குள் மணியம்மாள் லைன் முழுக்க விஷயத்தை வாசித்துவிட்டிருந்ததால், கோயிலில் யாருக்கும் அது செய்தியாக இல்லை.

கல்யாணம் பிப்ரவரியில் நடந்தது. கொர்னேலியஸ் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்குச் சீமையில் கொடுத்த நற்சான்று என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். பிறகும் வேறு முகாம்களிலிருந்து சிரிலுக்கு அழைப்பு வந்தது. குழாய் வேண்டும் என்று கேட்டது யார், என்ன மண், நாங்கள் போனபின் பார்த்துக்கொள்வது யார் என்று ஐடா இங்கிலீஷில் பதில் எழுதுவாள். மூன்றுக்கும் ஒழுங்காகப் பதில் போட்டது ஒரே ஊர், சிலோனில். அறுபத்தொன்பதில் இரண்டு பேருமே போய்வந்தார்கள்.

ஐடாவும் சிரிலும் கோரமண்டல் லைனிலேயே குடித்தனம் நடத்தினார்கள். கொர்னேலியஸ் ரிட்டயராகி, மரியகுழந்தையோடு அரக்கோணத்துக்குப் போனார். மணியம்மாளை அவள் மகன் வேணுகோபால் பங்காரப்பேட்டைக்கு அழைத்துக்கொண்டான். நல்ல செங்கல் வீடு, கனத்த சுவர். பக்கத்தில் என்ன நடக்கிறதென்று ஒன்றும் கேட்பதில்லையாம். இரண்டே மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டாள் என்று கேள்வி.