பியூரெட் தானாக நிற்காது

திட்டத்துக்குப் பெயர் 'எல்லோருக்கும் வேதியியல்'. பெயர் வைப்பதில் மட்டும் அதிகாரிகளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. அந்தத் திட்டத்தின் கீழ் பெண்கள் பள்ளிக்கு ஒரு பெரிய தொடுதிரை வந்து இறங்கியது. நான்கு பேர் தூக்கி வந்து, பூட்டிக் கிடந்த ஆய்வகத்தைத் திறந்து, தூசியைக்கூடத் தட்டாமல் சுவரில் மாட்டினார்கள். வேதியியல் டீச்சர் வெளியே போய், வேறு ஏதாவது வந்திருக்கிறதா என்று வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். வண்டி காலி.

"பியூரெட் வரலையா?" என்று ஓட்டுநரிடம் கேட்டார்.

"அப்படி யாரும் வண்டியில ஏறலையே மேடம்," என்றார் அவர்.

டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. பியூரெட் ஒன்றும் பெரிய மந்திரப் பொருள் இல்லை. அளவுக்கோடு போட்ட நீண்ட கண்ணாடிக் குழாய், அடியில் ஒரு சின்னத் திருகு. அந்தத் திருகை இடது கையால் பிடித்துக்கொண்டு, கீழே குடுவையில் நிறங்காட்டி கலந்து வைத்த அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறமில்லாத திரவம் இளஞ்சிவப்பாக மாறும் அந்தச் சொட்டில் திருகை மூட வேண்டும். இறுதி வகுப்புச் செய்முறைத் தேர்வில் முக்கியமான சோதனையே இதுதான்.

முன்பு இந்த ஆய்வகத்திலும் இதெல்லாம் இருந்தது. எங்கோ ஒரு பள்ளியில் அமில பாட்டில் உடைந்து ஒரு பிள்ளையின் கை வெந்துவிட்டது. உடனே எல்லாப் பள்ளிகளிலிருந்தும் அமிலத்தை எடுத்துப் போனார்கள். அமிலமே இல்லாதபோது கண்ணாடி எதற்கு என்று அடுத்த வருடம் கண்ணாடியும் போயிற்று. ஒரு கை வெந்ததற்கு ஊரிலுள்ள பிள்ளைகள் அத்தனை பேர் கையையும் கட்டிப் போட்டார்கள். செய்முறைத் தேர்வை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நகரத்தின் மறுகோடியில் வசதியான ஒரு தனியார் பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய் அதை எழுத வைத்தார்கள்.

டீச்சர் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தேர்வுக்கு முன்னால் ஒரே ஒரு நாள், பிள்ளைகள் ஒரு நிஜ பியூரெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

திரையை இயக்கக் கற்றுத் தரும் பயிற்சி முகாமில் இதைத் திட்ட அதிகாரியிடமே கேட்டார். அதிகாரி நல்ல மனிதர்தான். எல்லோருக்கும் தன் கையாலேயே தேநீர் கொடுத்தவர்.

"உலகமே திரைக்குப் போயிடுச்சு. நீங்க என்னன்னா இன்னும் பாட்டிலப் பிடிச்சுத் தொங்குறீங்க!"

"பரீட்சை திரையில இல்லையே சார்."

"பரீட்சை வேற துறை டீச்சர். அதுல நாங்க தலையிட முடியாது."

"ஒரு நாள் மட்டும் அந்தத் தனியார் பள்ளி லேப்புக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறேன். அனுமதி குடுங்க."

"எழுதிக் குடுங்க, பாக்கலாம்," என்றார். டீச்சர் எழுதிக் கொடுத்தார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும், திரை நன்றாகத்தான் இருந்தது. திருகை விரலால் தொட்டால் போதும், சொட்டு விழும். இளஞ்சிவப்பு வந்ததும் சொட்டு நின்று, மணி அடித்து, பூக்கள் கொட்டும். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு செய்தார்கள். எல்லோரையும்விட வேகம் சுண்டெலி. ஆளும் சின்னது, கையும் துறுதுறு என்பதால் வகுப்பே வைத்த பெயர். அவள் அப்பா லாரி ஓட்டுபவர். மகள் கெமிஸ்ட்ரி படித்து மருந்துக் கம்பெனிக்கு வேலைக்குப் போகப்போகிறாள் என்று, வண்டி நிறுத்தும் இடத்திலெல்லாம் சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பாராம்.

அனுமதி வருவதாக இல்லை என்றானதும் டீச்சர் சும்மா இருக்கவில்லை. அவருடைய நாத்தனார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளிடம் கெஞ்சிக் கூத்தாடி, பிரிக்காத குளுக்கோஸ் குழாய்கள் சிலவற்றை வாங்கினார். அதிலும் சொட்டு விழும், அதிலும் திருகு உண்டு. மேலே துணி துவைக்கும் சோடா கரைத்த தண்ணீர், கீழே வினிகர், நிறம் காட்ட ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். வீட்டு அடுப்படியில் செய்து பார்த்தபோது மஞ்சள் சட்டென்று சிவந்தது. சின்னப் பெண் போலக் கைதட்டிவிட்டார்.

மறுநாள் அதையெல்லாம் ஆய்வக மேசையில் பரப்பும்போது தலைமையாசிரியர் வந்துவிட்டார். எதற்கும் "ஆகட்டும்" என்பதால் அவருக்கு ஆகட்டும் சார் என்றே பெயர். அன்றைக்குப் பார்த்து அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை.

"பள்ளிக்குள்ள ஆசிட் கூடாதுன்னு உத்தரவு இருக்கு டீச்சர்."

"இது வினிகர் சார். சமையலுக்கு ஊத்துறது."

"வினிகரும் ஒரு ஆசிட்தான்னு நீங்கதானே பாடம் நடத்துனீங்க? நான் அந்த வழியாப் போறப்ப கேட்டேனே."

ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கும் மனிதர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். டீச்சர் குழாய்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு வாயால்தான் பாடம். "இடது கை திருகுலயே இருக்கணும். நிறம் வந்ததும் மூடணும்." பிள்ளைகள் தலையாட்டினார்கள். காது டீச்சரிடம் கற்றது. கை திரையிடம் கற்றிருந்தது.

தேர்வு நாளன்று டீச்சர் தனியார் பள்ளியின் தாழ்வாரத்தில் ஜன்னலோரமாக நின்றார். சுண்டெலி பியூரெட்டைக் கழுவினாள், நிரப்பினாள், அளவு பார்த்தாள். எல்லாம் அச்சு அசலாகச் சரி. திருகைத் திறந்தாள். திறந்துவிட்டுக் கையை எடுத்துக் கட்டிக்கொண்டு, குடுவையையே பார்த்தபடி நின்றாள்.

இளஞ்சிவப்பு வந்தது. அவள் முகம் மலர்ந்தது. சிவப்பு அடர்ந்தது. அவள் நிமிர்ந்து குழாயைப் பார்த்தாள், மறுபடி குடுவையைப் பார்த்தாள். கத்தரிப்பூ நிறத்துக்குப் போன பிறகுதான் பதறிப்போய்த் திருகைப் பிடித்தாள். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் திருப்பியதில் திருகே கழன்று, மிச்சமிருந்தது கையில் வழிந்தது. பக்கத்து மேசைகளில் மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்கள்.

"என்னம்மா பண்ற?" என்று தேர்வாளர் ஓடி வந்தார்.

"அதுவே நிக்கும்னு நெனச்சேன் சார்," என்றாள் சுண்டெலி.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. திரையில் சொட்டு தானாக நிற்பதை அவரும்தான் தினமும் பார்த்தார். மணி அடித்தபோதெல்லாம் பிள்ளைகளோடு சேர்ந்து சந்தோஷப்பட்டாரே தவிர, அது ஒரு கோளாறு என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

பிள்ளைகள் வெளியேறியதும் தேர்வாளர் அவரை உள்ளே கூப்பிட்டார். வயதானவர், கண்ணில் களைப்பு. டீச்சர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"நான் பாத்ததை அப்படியே எழுதினா மேல இருந்து கேள்வி வரும். ஏன் ஒரு பிள்ளைக்கும் தெரியலைன்னு கேப்பாங்க. அந்தச் சாக்குல உங்களுக்கு லேப் வந்தாலும் வரும். ஆனா இந்தப் பிள்ளைங்க மார்க் அம்போதான். எழுதவா, இல்ல மார்க்கப் போட்டுடவா? நீங்களே சொல்லுங்க."

இத்தனை வருடமாக டீச்சர் தேடி அலைந்த ஆதாரம் அது. இனி வரும் பிள்ளைகளுக்கு ஒரு லேப். அதற்கு விலை வெளியே நிற்கும் பிள்ளைகள். ஜன்னல் வழியாகப் பார்த்தார். சுண்டெலி குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"மார்க்கப் போட்டுடுங்க சார்," என்றார். "முழுசாவே போட்டுடுங்க." சொல்லும்போது நாக்கு கூசியது.

முடிவு வந்த அன்றே அதிகாரி போன் செய்தார்.

"பாத்தீங்களா டீச்சர், உங்க பிள்ளைங்க அத்தனை பேரும் முழு மார்க்! பாட்டில் இல்லாமலே ஆச்சா இல்லையா? நீங்க குடுத்த மனுவை முடிச்சு வச்சிடச் சொல்லிட்டேன். அடுத்து மத்த பள்ளி டீச்சர்களுக்கு நீங்கதான் பயிற்சி குடுக்கணும்."

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மார்க் பொய் என்றால் பிள்ளைகள் கதி என்ன? "சரிங்க சார்" என்றார். தன் வாயாலேயே லேப்புக்குக் கடைசிப் பூட்டைப் போட்டாயிற்று. சரி, ஒருத்தியாவது கெமிஸ்ட்ரி படிக்கப் போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

சான்றிதழ் வாங்க சுண்டெலி வந்தாள். டீச்சர் அவள் தோளைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"காலேஜ்ல கெமிஸ்ட்ரி கெடச்சுதா?"

"கெடச்சுது டீச்சர். நான்தான் வேணாம்னுட்டேன். காமர்ஸ் எடுத்திருக்கேன்."

"ஏன்டி?"

"எனக்குக் கெமிஸ்ட்ரி வராது டீச்சர்."

"யார் சொன்னா? முழு மார்க் வாங்கியிருக்க!"

"நான் எங்க வாங்கினேன்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "எனக்குத் தெரியாதா டீச்சர், நான் என்ன பண்ணினேன்னு."

"அது உன் தப்பு இல்லம்மா. அந்தத் திரை அப்படிப் பழக்கிடுச்சு. ஒரே ஒரு நாள் நிஜ பியூரெட்டத் தொட்டிருந்தா நீதான் எல்லாரையும்விட நல்லா செஞ்சிருப்ப. சத்தியமாச் சொல்றேன்."

சுண்டெலி தலையாட்டினாள். ஆறுதல் சொல்பவர் மனம் நோகக் கூடாதே என்று ஆட்டும் தலையாட்டல் அது.

"அப்பா என்ன சொன்னார்?"

"ரெண்டு நாள் பேசல. அப்புறம் உன் இஷ்டம்னுட்டார்." அவள் சான்றிதழை உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். "நீங்க கவலைப்படாதீங்க டீச்சர். காமர்ஸ்ல பிராக்டிகல் கெடையாதாம்."