விலா எலும்பில் நீலப்பூ

லிஃப்ட் மெக்கானிக் நாலாவது மாடியிலிருந்து விழுந்துகொண்டிருந்தபோது, வீட்டு அலமாரியில் இருந்த நீலப்பூப் போட்ட டீக்கிண்ணம் ஒன்று அவருக்குப் பதிலாக விரிசல் விட்டது. அவர் குழியின் அடியில் போய் விழுந்தார், எழுந்தார், முட்டியில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டார். மேலேயிருந்து எட்டிப் பார்த்த வாட்ச்மேன் மயங்கிச் சரிந்ததில், நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தது வாட்ச்மேனுக்குத்தான். ஆம்புலன்ஸில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக் கூடவே போனார்.

ஆஸ்பத்திரியில் மெக்கானிக்குக்கு எக்ஸ்ரே எடுத்தது அவருடைய மனைவி. பத்தொன்பது வருடமாக அவள்தான் எடுக்கிறாள். டாக்டர்களுக்கே அவள் எக்ஸ்ரே அக்கா. "மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க," என்று யார் வீட்டுப் புருஷனையோ நிறுத்திவைத்திருப்பதுபோலச் சொன்னாள். எலும்பு ஒன்றுகூட முறியவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில், இடது பக்கம் ஆறாவது விலா எலும்பில் மட்டும் மிளகு அளவுக்கு ஒரு நீலப்பூ இருந்தது. டாக்டர் படத்தைத் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார், 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எக்ஸ்ரே அக்கா ஆச்சரியப்படவில்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

அவள் பழைய இங்கிலீஷ் பீங்கான் சேர்ப்பவள். அதிலும் டீச்சாமான் மட்டும். இருநூறு வருடத்துக்கு முந்திய, பிடி வைக்காத கிண்ணங்கள், குழிந்த சாஸர்கள், மிச்ச டீயைக் கொட்டுகிற பாத்திரம், ஒரு டீபாட் என்று இருபத்து மூன்று உருப்படிகள். சனிக்கிழமைதோறும் பழைய சாமான் கடைக்குப் போவாள். நகத்தால் சுண்டுவாள், மணிபோல நின்று ஒலிக்க வேண்டும். பல்பின் முன்னால் பிடிப்பாள். விரல் நிழல் மறுபக்கம் தெரிய வேண்டும். கடைசியில் முன்பல்லில் லேசாகத் தட்டுவாள். விரிசலை மறைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் கண் ஏமாறும், விரல் ஏமாறும், பல் ஏமாறாது. பீங்கான் டிக்கென்று படும், பெயின்ட் மெத்தென்று படும்.

"ஏம்மா, நீங்க வாங்க வர்றீங்களா, கடிக்க வர்றீங்களா?" என்பார் கடைக்காரர்.

"தட்டிப் பார்க்காம கட்டிக்கிட்டது ஒண்ணு வீட்ல இருக்கு அண்ணே. அதுலேர்ந்து ஜாக்கிரதை."

அந்த ஒன்றோ, ஃபிளாஸ்க் மூடியில் டீ குடித்துக்கொண்டு, "இருபத்து மூணு இருக்கு, குடிக்க ஒண்ணு கிடையாது," என்று வருடக்கணக்காகப் புலம்பியது.

விழுந்த மூன்றாம் நாள் அவர் வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்குத்தான் எக்ஸ்ரே அக்கா, சேர்ப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறைச் செய்தாள். புது விரிசலில் எந்தக் காலத்து டீயோ கசிந்து பழுப்புக் கோடாக நின்றது. கறையோடு ஒரு கிண்ணம் அலமாரியில் இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. வெளுக்கும் மருந்தில் ஊறப் போட்டாள். மூன்று தெரு தள்ளி, லிஃப்ட் கூரைமேல் நின்றிருந்த மெக்கானிக்குக்கு இடது விலா தீப்பிடித்ததுபோல் எரிந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் அவள் கிண்ணத்தை வெளியே எடுத்தாள். எரிச்சல் அந்தக் கணமே நின்றது. ஊறப் போட்ட பேசினில், கிண்ணத்தின் அடியிலிருந்து கழன்ற ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரித் துண்டு ஒன்று மிதந்தது. அதில் அவள் எழுதிய தேதி.

"வாங்கின தேதின்னுல்ல நெனச்சேன்? இது போன வருஷமே வாங்கினதாச்சே," என்றார். "இது நான் விழுந்த நாளு."

அலமாரியைத் திறந்து கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். இதோடு சேர்த்து ஆறு விரிசல்கள், ஆறு தேதிகள். ஏணி வழுக்கிய நாள். கம்பிவடம் அறுந்து தோளில் அடித்த நாள். ஒன்றையும் அவர் வீட்டில் சொன்னதில்லை.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா பொய் சொல்வீங்க. கப்பு சொல்லாது."

"சொல்லியிருந்தா வேலைய விடச் சொல்லியிருப்பே."

"விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் சனிக்கிழமை சனிக்கிழமை கடைக்குப் போறேன்."

அவர் அந்த ஆறையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரும்பி, "எல்லாம் எனக்கே போயிருச்சே. உனக்கு எது?" என்று கேட்டார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனவர் மெக்கானிக்தான். சுண்டினார், பல்பில் பிடித்தார், முன்பல்லில் தட்டினார். "போச்சு, உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?" என்றார் கடைக்காரர். மனைவிக்கென்று ரோஜாக்கொடி போட்ட கிண்ணங்கள் இரண்டு வாங்கிவந்தார். அவற்றை வைக்க இடம் செய்யத்தான் டீபாட்டை நகர்த்தினார். வாயிலிருந்து அடிவரை ஓடிய அதன் விரிசல் அவருக்குப் பழக்கமானது. கடையிலேயே அப்படித்தான் இருந்தது என்று அவள் சொல்லியிருக்கிறாள். பல்லில் தட்டாமல் ஒரு சாஸர்கூட வாங்காதவள், விரிந்த டீபாட்டை எப்படி வாங்கினாள் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. திருப்பினார். ஒன்பது வருடத்துக்கு முந்திய தேதி. அவர் இரண்டு மாதம் வெளியூரில் லிஃப்ட் மாட்டப் போயிருந்த சமயம். அன்றைக்கும் போனில் பேசினாள். சாப்பிட்டாயிற்று, தூங்கப் போகிறேன் என்றாள்.

எக்ஸ்ரே அக்கா டீபாட்டை அவர் கையிலிருந்து வாங்கி, கொதிக்கக் கொதிக்க டீயை அதில் ஊற்றினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ரோஜாக்கொடிக் கிண்ணம் ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஆஸ்பத்திரி மாடிப்படியில உருண்டேன். தலைதான் முதல்ல பட்டுது. எந்திரிச்சு வீட்டுக்கு வந்து பார்த்தா, இது இப்படி இருக்கு," என்றாள். "அழகா இருக்குன்னு ஆசைப்பட்டு எனக்குன்னு வாங்கினது இது ஒண்ணுதான். குடிங்க, ஆறிடும்."